ஒரே நோய், வேறு மரபணு, வேறு மருந்து

2009ஆம் ஆண்டு ஜனவரியில் 'நேச்சர் ஜெனிட்டிக்ஸ்' ஆய்விதழில் வெளிவந்த ஒரு கட்டுரை, இந்தியர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பேரிடம், இதயத் தசைப் புரதங்களில் ஒன்றை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன என்றும், அந்த விடுபாடு உள்ளவர்களுக்கு இதயத் தசைநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு என்றும் அறிவித்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த கே. தங்கராஜ் ஆகியோருடன் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய அக்கட்டுரை, சுமார் 800 நோயாளிகளையும் ஏறத்தாழ 700 நலமானவர்களையும் ஒப்பிட்டதோடு நில்லாமல், இந்தியாவின் நூற்றுக்கும் மேற்பட்ட மக்கட்குழுக்களைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் அதிகமானோரின் ரத்த மாதிரிகளையும் ஆராய்ந்து, இந்த விடுபாடு சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்றும், தெற்காசியாவுக்கு வெளியே அரிதாகவே காணப்படுகிறது என்றும் கூறியது. காலை ஷிப்டுக்காகக் கும்மிடிப்பூண்டி மின்ரயிலிலிருந்து அத்திப்பட்டுப் புதுநகரில் இறங்கி அனல்மின் நிலையத்தை நோக்கி நடப்பவர்களில், அந்தக் கணக்குப்படி, நூற்றுக்கு நால்வர் இந்த விடுபாட்டைச் சுமப்பவர்களாக இருப்பார்கள்.

'எம்.ஒய்.பி.பி.சி.3' என்று பெயரிடப்பட்ட அந்த மரபணுவில் நேரும் கோளாறுகள், இதயத்தின் கீழறைச் சுவர் புறக்காரணமின்றித் தடித்துப்போகும் 'ஹைபர்டிராஃபிக் கார்டியோமயோபதி' என்ற தசைநோய்க்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாகும். தடித்த தசையில் இழைகள் ஒழுங்கு குலைந்து, இடையிடையே தழும்பும் ஏற்படுவதால், அவற்றின் வழியே பாயும் மின்னோட்டம் திசைமாறிச் சுழன்று, கீழறை சுருங்காமல் வெறுமனே நடுங்கும் நிலைக்குச் சென்றுவிடக்கூடும். சில நிமிடங்களுக்குள் மின்னதிர்ச்சி கொடுத்து அந்த நடுக்கத்தை நிறுத்தாவிட்டால் மரணம் நேரும். ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டுத் தசை கருகுவது ஒன்று, குழாய்கள் திறந்திருக்கும்போதே துடிப்பின் தாளம் குலைவது இன்னொன்று. அடைப்புக்கு நீரிழிவும் புகையிலையும் கொழுப்பும் பெரும் பொறுப்பு ஏற்கின்றன என்றால், நாற்பது வயதுக்குட்பட்டவர்களின் காரணம் தெரியாத தாளக் குலைவில் மரபணுவின் பங்கு கூடுதலாக இருக்கிறது.

2009இன் கண்டுபிடிப்பைப் படித்தவர்கள், கோடிக்கணக்கான இந்தியர்களின் இதயத்தில் ஒரு பரம்பரை ஆபத்து ஒளிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொண்டது முற்றிலும் சரியன்று என்பது அடுத்த பத்தாண்டுகளில் தெரியவந்தது. அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களிடம் சக்திவேல் சடையப்பன் உள்ளிட்ட குழுவினர் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, விடுபாடு உள்ளவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்றும், அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் அதே மரபணுவில் வேறோர் எழுத்துமாற்றமும் சேர்ந்திருக்கிறது என்றும், இதய இயக்கத்தில் மாறுபாடு தென்படுவது அவர்களிடமே என்றும் காட்டியது. 2020இல் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தெற்காசிய நோயாளிகளின் தரவுகளை மீண்டும் அலசியபோது, அந்த விடுபாட்டின் அருகிலேயே, அதே இழையில் பயணம் செய்யும் மற்றோர் ஒற்றை எழுத்துமாற்றமே நோயை விளைவிக்கிறது என்றும், அதை உடையவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் 25 எழுத்து விடுபாடு நோயாளிகளிடமும் நலமானவர்களிடமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருக்கிறது என்றும் முடிவுக்கு வந்தனர். பழைய பதிப்பொன்றில் ஒரு வரி விடுபட்டுப்போய், அந்தப் பதிப்பைப் பார்த்து அச்சிட்ட பிற்காலப் படிகள் சிலவற்றில் மட்டும் இன்னொரு பிழையும் சேர்ந்துகொண்டால், பொருளைக் கெடுத்தது பின்னால் வந்த பிழையாக இருந்தும், இரண்டும் ஒன்றாகவே காணப்படுவதால் பழி முதல் பிழைமேல் விழுவதைப் போன்றது இது.

இந்தத் திருத்தம் முதல் ஆய்வாளர்களைக் குறைத்து மதிப்பிடுவதற்கான காரணம் ஆகாது. அவர்கள் அந்த வாசலைத் திறக்காமலிருந்தால் பின்வந்தவர்கள் உள்ளே நுழைந்திருக்கவே முடியாது. ஆனால் நோயாளிக்கு இதில் உள்ள பாடம் மிகவும் நடைமுறை சார்ந்தது. மரபணுச் சோதனை அறிக்கையில் 'மாற்றம் உள்ளது' என்று எழுதியிருப்பதும், 'இந்த மாற்றம் நோயை உண்டாக்கும்' என்பதும் ஒன்றல்ல. ஐரோப்பியர்களின் தரவுகளை மட்டும் வைத்துப் பார்த்தால், தெற்காசியர்களிடம் பரவலாக உள்ள தீங்கற்ற மாற்றம் அபூர்வமானதாகவும், அதனாலேயே ஆபத்தானதாகவும் தோன்றும். உண்மையான குற்றவாளி கண்ணில் படாமலேயே போகக்கூடும். பொருள் நிச்சயமாகத் தெரியாத மாற்றம் என்று ஆய்வகங்கள் தனியே வகைப்படுத்தும் முடிவுகள், ஐரோப்பியர் அல்லாத நோயாளிகளுக்கு அதிகமாக வருவதன் காரணம் இதுதான்.

மரபணு அறிவு உண்மையிலேயே மருத்துவத்தை மாற்றியிருப்பது வேறோர் இடத்தில், இதயத்தின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் அயனி வாய்க்கால்களில். இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் மின்னூட்டம் பெற்ற துகள்கள் புகுந்து வெளியேறும் நுண்ணிய வழிகள் உள்ளன. சோடியம் உள்ளே பாய்வதால் உயிரணு தூண்டப்பட்டுச் சுருங்குகிறது, பொட்டாசியம் வெளியேறுவதால் அடுத்த துடிப்புக்கு மீண்டும் தயாராகிறது. இந்த மீள்தயாரிப்புக்கு ஆகும் நேரம் ஈ.சி.ஜி. தாளில் 'க்யூ-டி இடைவெளி' என்று அளக்கப்படுகிறது. பிறவியிலேயே இந்த இடைவெளி நீண்டிருப்பது நீள் க்யூ-டி நோய் எனப்படும். இத்தாலியில் நாற்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்கு ஈ.சி.ஜி. எடுத்து 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம். இடைவெளி நீளும்போது, முந்தைய துடிப்பு முழுமையாக அடங்குமுன் அடுத்த தூண்டல் வந்து விழுந்து, தாளம் சிதறி, மயக்கமோ மரணமோ நேரக்கூடும். வலிப்பு நோய் என்று தவறாகக் கருதி ஆண்டுக்கணக்கில் வலிப்பு மருந்து கொடுக்கப்பட்டவர்கள் இந்நோயாளிகளில் உலகம் முழுவதும் உண்டு.

இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாகும் மரபணுக்கள் மூன்று. முதல் வகையில் 'கே.சி.என்.கியூ.1' மரபணு உருவாக்கும் பொட்டாசிய வாய்க்கால் பழுதாகிறது. உடல் உழைப்பின்போதும் பதற்றத்தின்போதும் சுரக்கும் அட்ரினலினுக்கு ஈடுகொடுத்து இடைவெளியைச் சுருக்க வேண்டியது இந்த வாய்க்கால்தான் என்பதால், ஓடும்போதும், சிறப்பாக நீந்தும்போதும், இவர்களுக்கு ஆபத்து நேர்கிறது. இரண்டாம் வகையில் 'கே.சி.என்.எச்.2' மரபணு சார்ந்த இன்னொரு பொட்டாசிய வாய்க்கால் பழுதாகிறது. திடீரென ஒலிக்கும் அலாரம், தொலைபேசி மணி, அதிர்ச்சி தரும் செய்தி ஆகியவை இவர்களுக்குத் தூண்டுகோலாகின்றன. மூன்றாம் வகையில் 'எஸ்.சி.என்.5ஏ' மரபணு சார்ந்த சோடிய வாய்க்கால் சரியாக மூடாமல் கசிகிறது. இவர்களுக்கு உழைப்பைவிட ஓய்வும் உறக்கமுமே ஆபத்தான நேரங்கள். எண்ணூரின் மீனவர் குப்பத்தில் கடலில் பாய்ந்து நீந்தும் சிறுவனுக்கும், ஆலைச் சங்கின் ஒலிக்குத் திடுக்கிட்டு எழும் இரவு ஷிப்டுத் தொழிலாளிக்கும் இடையே, மருத்துவரின் பார்வையில், இத்தகைய வேறுபாடு உண்டு. எந்தச் சூழலில் மயக்கம் வந்தது என்ற ஒரு கேள்வி, சோதனைக்கூடத்துக்குப் போகுமுன்பே எந்த மரபணு என்பதைப் பெரும்பாலும் சுட்டிக்காட்டிவிடுகிறது.

மூன்று வகைக்கும் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்தது, அட்ரினலினின் வேகத்தைத் தணிக்கும் 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை. அதன் பயன் மூன்று வகையிலும் ஒன்றுபோல் இல்லை என்பதை இத்தாலியில் சில்வியா பிரியோரி குழுவினர் 2004இல் எண்களோடு நிறுவினர்: மருந்து உட்கொண்டுவந்தபோதும் மயக்கமோ இதய நிறுத்தமோ நேர்ந்தவர்கள் முதல் வகையில் 10 சதவீதம், இரண்டாம் வகையில் 23 சதவீதம், மூன்றாம் வகையில் 32 சதவீதம். ஒரே பெயருள்ள நோய், ஒரே மாத்திரை, ஆனால் பழுதான வாய்க்கால் எது என்பதைப் பொறுத்து விளைவு மூன்று மடங்கு மாறுகிறது. கசியும் சோடிய வாய்க்காலை அடைக்கும் 'மெக்சிலெட்டின்' என்ற பழைய மருந்து மூன்றாம் வகையினரில் பலருக்கு இடைவெளியைச் சுருக்குகிறது. இரண்டாம் வகையினருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறையாமல் காப்பது கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. பீட்டா பிளாக்கர்களுக்குள்ளேயும் வேறுபாடு உண்டு: நம் மருந்துக்கடைகளில் அதிகம் விற்கப்படும் மெட்டோபுரோலால், இந்நோயைப் பொறுத்தவரை, மிக மலிவான புரோபிரனோலாலுக்குப் பின்தங்கியே நிற்கிறது. மருந்து போதாதவர்களுக்கு, தாளம் குலையும்போது தானாகவே மின்னதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி. கருவி மார்புத் தோலுக்கடியில் பொருத்தப்படுகிறது.

மருந்தே நஞ்சாவதற்கு 'ஃபிளெக்கனைடு' என்ற மாத்திரையின் வரலாறு போதுமான சான்றாகும். மாரடைப்புக்குப் பின் வரும் கூடுதல் துடிப்புகளை அடக்கினால் மரணம் குறையும் என்ற நம்பிக்கையில் அமெரிக்காவில் நடத்தப்பட்ட 'காஸ்ட்' ஆய்வில், இம்மருந்து துடிப்புகளை அடக்கியபோதும், அதை உட்கொண்டவர்களே அதிகமாக இறந்தார்கள் என்று 1989இல் தெரியவந்து, ஆய்வின் அந்தப் பகுதி பாதியில் நிறுத்தப்பட்டது. சோடிய வாய்க்கால் வலுவிழந்ததால் வரும் புருகாடா நோய் உடையவர்களுக்கும் இது ஆபத்தானது. மறைந்திருக்கும் அந்நோயை வெளிக்கொணர, மருத்துவமனைக் கண்காணிப்பில் இதையே சோதனை மருந்தாகக் கொடுப்பதும் உண்டு. அதே ஃபிளெக்கனைடு, உழைப்பின்போதும் உணர்ச்சிவேகத்தின்போதும் தாளம் குலையும் 'சி.பி.வி.டி.' என்ற அரிய பரம்பரை நோயில், பீட்டா பிளாக்கருடன் சேர்த்துக் கொடுக்கப்படும்போது குழந்தைகளைக் காப்பாற்றுகிறது என்று 2009 முதல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. சி.பி.வி.டி. உள்ள குழந்தைகளின் ஓய்வுநிலை ஈ.சி.ஜி. குறையில்லாமல் இருப்பதால், ஓடவைத்து எடுக்கும் ட்ரெட்மில் சோதனையும் குடும்ப வரலாறும் மரபணுச் சோதனையும் சேர்ந்தால்தான் நோய் பிடிபடும்.

புருகாடா நோயைப் பற்றி, காய்ச்சல் அடிக்கடி வரும் நம் ஊருக்கு ஒரு செய்தி கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1992இல் பெத்ரோ, ஜோசப் புருகாடா சகோதரர்கள் விவரித்த இந்நோய் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் முதலிய தென்கிழக்காசிய நாடுகளில் இளம் ஆண்கள் உறக்கத்திலேயே இறப்பதற்குக் காரணமாக அடையாளம் காணப்பட்டது. உடல் வெப்பம் உயரும்போது குறைபட்ட சோடிய வாய்க்கால் மேலும் செயலிழப்பதால், அறிகுறியே இல்லாத ஒருவருக்குக் காய்ச்சலின்போது ஆபத்து நேரக்கூடும். எனவே இந்நோய் உறுதியானவர்கள் காய்ச்சல் கண்டவுடன் பாராசிட்டமால் போட்டு வெப்பத்தைத் தணிப்பது சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும். இந்நோயோடு தொடர்புடையவை என்று ஒரு காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் பட்டியலிடப்பட்டிருந்தன. 2018இல் அச்சான்றுகளை மறுபரிசீலனை செய்த பன்னாட்டுக் குழு, அவற்றில் எஸ்.சி.என்.5ஏ ஒன்றை மட்டுமே உறுதியானதாக ஏற்றது. நீள் க்யூ-டி நோயிலும் 2020இல் இப்படியே நடந்து, பதினேழு மரபணுக்களின் பட்டியலில் மேற்சொன்ன மூன்று மட்டுமே அதன் வழக்கமான வடிவத்துக்கு உறுதியான காரணங்களாக எஞ்சின. நூறு மரபணுக்களைச் சோதிப்பதாக விளம்பரம் செய்யும் பேக்கேஜ்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. நீண்ட பட்டியலில் குழப்பமும் நீள்கிறது.

நீள் க்யூ-டி நோயில் தமிழ்நாட்டுக்குத் தனிப்பட்ட முறையில் பொருந்தும் ஒரு வடிவம், 1957இல் நார்வேயில் யெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு மருத்துவர்கள் விவரித்தது. அவர்கள் கண்ட குடும்பத்தில் ஆறு குழந்தைகளில் நான்கு பேர் பிறவியிலேயே காது கேளாதவர்கள். அந்நால்வருக்கும் க்யூ-டி இடைவெளி நீண்டிருந்தது. மூவர் சிறுவயதிலேயே திடீரென இறந்தனர். இதயத்தில் பழுதாகும் அதே பொட்டாசிய வாய்க்கால் உட்காதின் நீர்மத்துக்கும் தேவைப்படுவதால், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதான பிரதிகளைப் பெற்ற குழந்தைக்குக் கேட்கும் திறனும் துடிப்பின் பாதுகாப்பும் ஒருசேரப் பறிபோகின்றன. பெற்றோர் ஒருவரிடம் மட்டும் பழுதிருந்தால் குழந்தைக்கு இந்தக் கடுமையான வடிவம் வருவதில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 28 சதவீதத்தினர் ரத்த உறவுக்குள் மணம் புரிந்தவர்கள். நாட்டின் சராசரி 11 சதவீதம். தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கத்தில், ஒரே முன்னோரின் பழுதான பிரதி இரு வழியாகவும் வந்து ஒரு குழந்தையிடம் சேரும் வாய்ப்பு உயர்கிறது. காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சையை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. அந்த அறுவைக்கான மயக்கமருந்துக்கு முன் எடுக்கப்படும் சாதாரண ஈ.சி.ஜி.யில் க்யூ-டி இடைவெளியைக் கவனித்து அளப்பது, சில நிமிட வேலை, ஒரு குழந்தையின் உயிரைத் தீர்மானிக்கக்கூடியது. கருவி பொருத்தப்பட்ட பின் அந்தக் குழந்தைக்கு ஓசை என்பதே புதிய தூண்டலாக வந்து சேர்வதையும் மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள்.

பழுது பிறவியில் இல்லாதவர்களிடமும் மருந்துகளால் இதே இடைவெளி நீளும். இடைவெளியை நீட்டும் மருந்துகளில் பெரும்பாலானவை, இரண்டாம் வகை நோயில் குறைபடும் அதே பொட்டாசிய வாய்க்காலையே அடைக்கின்றன. வாந்திக்குச் சர்வசாதாரணமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் டோம்பெரிடோன், தொண்டைப் புண்ணுக்கான அசித்ரோமைசின், வயிற்றுப்போக்குக்கான சிப்ரோஃபிளாக்சசின் ஆகியவை அப்பட்டியலில் உண்டு. வயிற்றுப்போக்கும் வாந்தியும் உடலின் பொட்டாசியத்தை ஏற்கெனவே குறைத்திருக்கும் வேளையில், இவற்றில் இரண்டைச் சீட்டில்லாமல் சேர்த்து விழுங்குவது, மறைந்திருக்கும் மரபணுக் குறை உள்ளவருக்குப் பெரும் சோதனையாகிவிடும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கப்படும் பெடாகுவிலின் இதே இயல்புடையது என்பதால், அச்சிகிச்சையில் இருப்பவர்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஈ.சி.ஜி. எடுப்பது அரசுக் காசநோய்த் திட்டத்தின் நடைமுறையாக உள்ளது. அந்தக் கவனம் மற்ற மருந்துகளின் விஷயத்தில் இல்லை.

இதுவரை சொன்னவை அரிய நோய்கள். ராயபுரத்தை ஒட்டியுள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனைக்கு, வடசென்னையின் பெரியவர்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று இன்றும் சொல்லும் அந்த இடத்துக்கு, தாளக் கோளாறோடு வரும் பெரும்பான்மையோரின் பிரச்சினை வேறு: இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்'. இதனால் உடனடி மரணம் அரிது. ஆனால் நடுங்கும் அறையில் தேங்கும் ரத்தம் உறைந்து, கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கும். மேலைநாடுகளில் இது பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்களின் நோய். இந்தியாவில் இதயத் தாளச் சங்கத்தின் பதிவேட்டின்படி நோயாளிகளின் சராசரி வயது ஐம்பதுகளின் நடுவிலேயே நிற்கிறது. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குக் காரணம், சிறுவயதில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சிதைத்தது. நெருக்கமான வீடுகளும் சரியாகச் சிகிச்சை பெறாத தொண்டைப் புண்ணும் இங்கே மரபணுவைவிடப் பெரிய பங்கு வகிக்கின்றன என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

எனினும் சிகிச்சையின் விளைவில் மரபணு மீண்டும் தலைகாட்டுகிறது. வால்வு நோயாளிகளுக்கு ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கப்படும் வார்ஃபரின், அல்லது தமிழ்நாட்டில் 'அசிட்ரோம்' என்ற வணிகப் பெயரால் பரவலாக அறியப்படும் அசினோகுமரால், ஒருவருக்கு அரை மாத்திரையே அதிகமாகி ரத்தக்கசிவை உண்டாக்க, இன்னொருவருக்கு இரண்டு மாத்திரையும் போதாமல் போகும் விசித்திர மருந்துகள். இம்மருந்துகளைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியை உருவாக்கும் 'சி.ஒய்.பி.2சி9' மரபணுவும், இவை தாக்கும் இலக்கை உருவாக்கும் 'வி.கே.ஓ.ஆர்.சி.1' மரபணுவும் ஆளுக்கு ஆள் மாறுவதே அதற்கு ஒரு காரணம். புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் துறையினர் இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே தமிழ் மக்களிடம் சி.ஒய்.பி.2சி9 முதலிய நொதி மரபணுக்களின் வேறுபாடுகளைக் கணக்கிட்டு வெளியிட்டனர். சிங்கப்பூரில் சீனர், மலாயர், இந்தியர் ஆகிய மூவினத்தாரையும் ஒப்பிட்டு 2006இல் வெளிவந்த ஆய்வு, அங்குள்ள இந்தியர்களுக்கு வார்ஃபரின் மற்ற இரு இனத்தாரையும்விடக் கூடுதலாகத் தேவைப்படுவதைக் கண்டு, அதற்கு வி.கே.ஓ.ஆர்.சி.1 வேறுபாட்டைக் காரணமாகக் காட்டியது. சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள் என்பதால், 'ஆசியர்' என்று ஒரே தலைப்பில் அச்சிடப்படும் அளவுக் குறிப்புகள் நமக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

அப்படியானால் ஒவ்வொருவரின் மரபணுவையும் பார்த்து அளவை நிர்ணயிக்கலாமே என்ற கேள்வி எழுகிறது. 2013இல் ஒரே சமயத்தில் வெளிவந்த மூன்று ஆய்வுகள் அதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லின: ஐரோப்பாவில் வார்ஃபரின் கொடுத்த ஆய்வில் மரபணு வழி அளவு பயனளித்தது, அசினோகுமரால் தொகுதியில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை, அமெரிக்காவில் மொத்தத்தில் பயனில்லை, ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு வழக்கமான முறையைவிடப் பின்தங்கிய விளைவே கிடைத்தது, ஏனெனில் கணக்கிடும் சூத்திரத்தில் அவர்களுக்கே உரிய மாற்றங்கள் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. இன்றைய நிலையில், அத்திப்பட்டிலிருந்து மின்ரயிலேறிவரும் ஒரு வால்வு நோயாளிக்கு மரபணுச் சோதனையைவிடப் பெரிதாக உதவக்கூடியது, குறித்த நாளில் தவறாமல் செய்யப்படும் பி.டி.-ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையும், இம்மருந்தின் வேகத்தைக் குறைக்கும் முருங்கைக் கீரையை ஒரு வாரம் அள்ளி உண்டு மறுவாரம் தொடாமல் விடாமல் ஒரே சீராக உண்பதுமே. பரிசோதனை தேவைப்படாத புதுவகை மாத்திரைகளுக்கு மாறிவிடலாம் என்ற ஆசைக்கும் 2022இல் தடை விழுந்தது: டில்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் முதலியோர் முன்னின்று 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்ட வாதக் காய்ச்சல் வால்வு நோயாளிகளிடம் நடத்திய 'இன்விக்டஸ்' ஆய்வில், புதிய ரிவராக்சபானைவிடப் பழைய மருந்தைப் பெற்றவர்களிடமே மரணம் குறைவாக இருந்தது. மேலைநாட்டு முதியவர்களிடம் வென்ற மருந்து, வேறு காரணத்தால் அதே நோயைப் பெற்ற நம்மவர்களிடம் தோற்றது.

வால்வு நோயில்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனின் மரபணு வரலாறு 2007இல், ஐஸ்லாந்தின் டிகோட் நிறுவனத்தார் நான்காம் குரோமோசோமில் ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டியபோது தொடங்குகிறது. அருகிலுள்ள 'பி.ஐ.டி.எக்ஸ்.2' மரபணு, கருவில் இதயத்தின் இடப்பக்கம் எது என்பதையும் நுரையீரல் சிரைகள் இதயத்தோடு இணையும் இடத்தின் அமைப்பையும் தீர்மானிக்கிறது. தாறுமாறான தூண்டல்கள் கிளம்புவது பெரும்பாலும் அந்தச் சிரைகளின் வாயிலிருந்துதான் என்று பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998இலேயே கண்டிருந்தனர், அவ்விடத்தைச் சுட்டு அடைக்கும் 'அப்லேஷன்' சிகிச்சையும் அதிலிருந்தே வளர்ந்தது. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு அப்லேஷனுக்குப் பின் நோய் மீண்டும் வருவது அதிகம் என்று சில ஆய்வுகள் கூறின, வேறு சில மறுத்தன. பிற்பாடு நூறு அளவுக்கு மரபணுப் பகுதிகள் கண்டறியப்பட்டு, அவற்றைக் கூட்டி ஒருவரின் ஆபத்தை மதிப்பெண்ணாகத் தரும் முறையும் வந்துவிட்டது. அம்மதிப்பெண்ணின் அடிப்படையாக அமைந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வம்சாவளியினர். பிரிட்டனில் வாழும் தெற்காசியர்களுக்கு நீரிழிவு அதிகமாக இருந்தும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வெள்ளையர்களைவிடக் குறைவாகவே பதிவாகிறது என்ற புதிரே இன்னும் அவிழாதபோது, அந்த மதிப்பெண்ணைத் தமிழர் ஒருவருக்குக் கூட்டிச் சொல்வது அவசரமாகும். 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுப்பைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. எந்த மாற்றம் நம்மிடையே சாதாரணமானது என்பதை அது சொல்லும், எது நோயாக முடிகிறது என்பதை நோயாளிகளைப் பல்லாண்டு பின்தொடரும் பதிவேடுகளே சொல்லும்.

சோதனை செய்துகொள்வதால் வரும் அச்சங்களில் ஒன்று காப்பீடு மறுக்கப்படுமோ என்பது. அது கற்பனையன்று: இதயத் தசை தடிக்கும் நோய் கொண்ட ஒருவருக்கு, மரபணுக் கோளாறு விலக்கு என்ற விதியைக் காட்டிக் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்ட வழக்கில்தான் டில்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அவ்விதி பாகுபாடானது என்று தீர்ப்பளித்தது, அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மரபணுக் கோளாறு என்ற விலக்கைக் காட்டிக் கோரிக்கைகளை நிராகரிக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பெண் பார்க்க வருபவர்களின் காதுக்குப் போகுமோ என்ற அச்சத்துக்கு எந்த ஆணையமும் சுற்றறிக்கை அனுப்ப முடியாது. குடும்பங்கள் சோதனையைத் தவிர்ப்பதற்கு அதுவே பெரிய காரணமாகவும் இருக்கிறது.

சோதனையின் முழுப் பயன் ஒருவரோடு முடிவதில்லை. நோயாளியிடம் காரணமான மாற்றம் உறுதியாகத் தெரிந்துவிட்டால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரிடம் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். பழுது இல்லாதவர்கள் வாழ்நாள் கண்காணிப்பிலிருந்து விடுபடுகிறார்கள், உள்ளவர்கள் மயக்கம் வருமுன்பே மருந்தைத் தொடங்குகிறார்கள். நீள் க்யூ-டி போன்ற பெரும்பாலான வகைகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பழுது வந்துசேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இந்தத் தொடர்சோதனைக்கு முதற்கண்ணியாக இருக்க வேண்டியவர் பல குடும்பங்களில் உயிரோடு இருப்பதில்லை. இளவயதில் திடீரென இறந்தவரின் உடல் ஸ்டான்லியிலோ பொன்னேரியிலோ கூறாய்வு செய்யப்படும்போது, அயனி வாய்க்கால் நோய் தசையிலும் குழாயிலும் எந்தத் தடயத்தையும் விட்டுச்செல்லாததால், கத்திக்குக் காரணம் அகப்படுவதில்லை. அந்நிலையில் சில மில்லிலிட்டர் ரத்தத்தை, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்துக் குளிர்நிலையில் சேமித்து வைக்க வேண்டும் என்பது பன்னாட்டு இதயத் தாளச் சங்கங்களின் பரிந்துரை. உடலை ஒப்படைத்த பின் கிடைக்கும் பார்மலினில் ஊறிய திசுத்துண்டு மரபணுவைப் படிப்பதற்கு அநேகமாக உதவாது. ரத்தம் எடுக்கப்படாமல் போன குடும்பங்களில், உயிரோடிருக்கும் முதல்நிலை உறவினர் ஒவ்வொருவருக்கும் ஓய்வுநிலை ஈ.சி.ஜி., ட்ரெட்மில் சோதனை, எக்கோ ஆகிய மூன்றையும் எடுத்துப் பார்ப்பதே எஞ்சியிருக்கும் வழி, அதிலேயே கணிசமான குடும்பங்களுக்குக் காரணம் தெரிந்துவிடுகிறது.